சேதி எங்கீங்க இருக்குது?

ஒருவன் நன்றாக எழுதுகிறான் என்று யாராவது என்னிடம் புகழ்ந்தால் எனக்கு உடனே எரிச்சல் வருகிறது. நன்றாக என்றால் எப்படி என்று கேட்பேன். "படிச்சா அப்படியே மயங்கிப் போயிடுவோம்" என்பார்கள். மயங்குவதற்குத்தான் கள்ளுக்கடை இருக்கிறதே, அதற்கு எழுத்து எதற்கு? சரக்கு வந்துவிட்டது என்று சொல்லும் கடிதத்தைப் படித்து ஒரு வியாபாரி ஏன் மயங்க வேண்டும்? இந்தக் கோபத்தை எனக்குள் மூட்டிவிட்டவர் கொல்லிமலையில் குண்டனி நாடு என்கிற பகுதியிலிருந்து மிளகு கொண்டுவரும் ஓர் அம்மாள். அவருக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கொல்லிமலைக்கு அப்போது பஸ் ஏது, ரோடு ஏது. மலைக்காரர்கள் சரக்கைத் தலையில் வைத்து ஒற்றையடிப் பாதையில் இறங்கி, முள்ளுக்குறிச்சிப் பக்கம் நான் குமாஸ்தாவாக இருந்த மண்டிக்குக் கொண்டுவருவார்கள். மிளகு, பலா, தேன், சாமை. எங்கள் முதலாளி அவற்றை வாங்கி மாட்டு வண்டியில் ஏற்றி டவுனுக்கு அனுப்புவார். மலைக்கும் மண்டிக்கும் இடையில் போகிற கடிதங்களை எல்லாம் நான் எழுதினேன். சும்மா எழுதவில்லை. அலங்காரமாக எழுதினேன். சுற்றுப்பட்ட ஊர்களில் கல்யாணப் பத்திரிகை எழுதக்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு விஷயத்தை நேராகச் சொல்வது மரியாதைக் குறைவு என்று மனப்பூர்வமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாளுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். குள்ளம். ஒரு மூட்டை மிளகைத் தலையில் வைத்துக்கொண்டு மலையிறங்கி வந்த பிறகும் மூச்சு வாங்காது, பேச்சும் நிற்காது. பதினெட்டு இருபது குடும்பங்களின் சரக்குக்கு அவர்தான் பேச வருவார். யாரும் அவரை அதற்கு நியமிக்கவில்லை. அவர் பேசும்போது குறுக்கே பேச மற்றவர்களுக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

அவரை நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு சந்தை நாளில். வெடித்து ஈ மொய்த்த ஒரு பலாப்பழத்தைத் தலையில் சுமந்து வந்தார். நேராக உள்ளே நுழைந்து, நான் எழுதிக்கொண்டிருந்த காகிதத்தின் மேலேயே அதை இறக்கி வைத்தார். மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"ஏனுங்க, இதை எழுதுனது நீங்களா?"

என் கையெழுத்துதான். யாரோ பாராட்டி அனுப்பியிருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு, "ஆமாம்" என்றேன். வெட்கக்கேடு, சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"படிங்க."

படித்தேன். அந்த வாரம் வண்டி மாடுகளுக்குக் கோமாரி கண்டிருந்தது. வண்டி வராது, பலாவை வெட்ட வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் அந்தக் கடிதம். இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதியனுப்பக் கோருகிறேன் என்று ஆரம்பித்து, மலைத் தெய்வத்தின் கடாட்சம், மழையின் பெருமை, குண்டனி நாட்டுப் பலாவின் தித்திப்பு எல்லாவற்றையும் ஒரு பக்கம் முழுக்கப் பாடியிருந்தேன். இரண்டாம் பக்கத்தில் 'நிற்க' என்று போட்டு, இன்னும் நான்கு வரி தள்ளி, வாகன வசதி அனுகூலப்படாமையால் சரக்கு விஷயத்தில் தாங்கள் காலோசிதம் போல் நடந்துகொள்ளவும் என்று முடித்திருந்தேன்.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. கடிதம் வந்தால் ஊர் கூடி உட்காரும். படிக்கத் தெரிந்தவர் அங்கே ஒரே ஒருவர்தான், அவர் சத்தமாகப் படிப்பார். க்ஷேம விசாரிப்பு முடிந்ததும் படிப்பை நிறுத்திவிட்டு, மலையேறிக் கடிதம் கொண்டுவந்த ஆளுக்குச் சோறு போடுவார்கள். நல்ல சேதி கொண்டுவந்தவன் பசியோடு உட்கார்ந்திருக்கக் கூடாது. அன்று அவர்கள் என் முதல் பக்கத்தைக் கேட்டு மகிழ்ந்து, சோறு போட்டு, வந்த ஆளை வழியனுப்பிவிட்டுப் பழம் வெட்டப் போய்விட்டார்கள். படித்தவரும் காட்டுப் பன்றி விரட்டத் தன் கொல்லைக்குப் போய்விட்டார். இரண்டாம் பக்கத்தை யாரும் திருப்பவில்லை. பதினெட்டுப் பேர் பலாவைத் தலையில் சுமந்து இறங்கி, பலா ஏற்ற வண்டி வந்து நிற்கும் மலையடிவாரத்தில், இல்லாத வண்டிக்காக இரண்டு நாள் வெயிலில் காத்திருந்திருக்கிறார்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இப்போது நினைத்தாலும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. "கடிதத்தை முழுசாப் படிக்காதது உங்க தப்புங்க" என்றேன்.

"பசிச்சவனுக்குச் சோறு போடறது எங்க வழக்கமுங்க. சேதியக் கொண்டுபோய்ப் பின்னால ஒளிச்சு வெக்கறது உங்க வழக்கம். இதுல எது தப்புன்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

முதலாளி ஓடிவந்து சமாதானம் செய்தார். பழத்தை எடுக்கச் சொல்லி ஆளைக் கூப்பிட்டார். "அது அங்கியே இருக்கட்டுமுங்க. நாலு நாளைக்கு அவரு மோந்து பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அம்மாள் போனார். பழம் மறுநாளே அகற்றப்பட்டது. வாடை போக ஒரு வாரம் ஆயிற்று.

அதற்குப் பிறகு சந்தைக்கு வரும்போதெல்லாம் வந்து என் எதிரே உட்கார்ந்துகொள்வார். மலைக்குப் போகிற கடிதம் எதுவானாலும் தன்னிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒரு சேதிக்கு ஒரு விரலை மடக்குவார். நான் ஒரு பக்கம் படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தால் ஐந்து விரலும் விறைப்பாக நிற்கும். "சேதி எங்கீங்க இருக்குது?" என்பார். காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி நாலாகக் கிழிப்பார். யுத்தக் காலத்தில் காகிதம் கிடைப்பதே பெரும்பாடு. ஒரே நாளில் ஏழு தாள் கிழித்த கை அது. நான் கோபத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வருவேன். அவர் நகராமல் உட்கார்ந்திருப்பார்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. கடிதம் தனக்குப் புரிந்துவிட்டது என்பது அவருக்குப் போதாது. "எனக்குத்தான் விசயம் முன்னாலயே தெரியுமே. தெரியாதவனுக்குப் புரியுதான்னு பாக்கோணுமுங்க" என்று தெருவுக்குப் போய், சம்பந்தமே இல்லாத யாரையாவது கையைப் பிடித்து இழுத்து வருவார். சட்டிப்பானைக்காரர், வளையல்காரர், மாட்டுத் தரகர், யாராக இருந்தாலும் சரி. கடிதத்தை அந்த ஆளுக்குப் படித்துக் காட்டச் சொல்வார். பிறகு கேட்பார்: "இந்தக் கடுதாசி உனக்கு வந்துதுன்னு வெச்சுக்கோ. இப்ப நீ என்ன செய்யோணும்?"

சேலத்தில் ஒரு மிளகு வியாபாரிக்கு மலைக்காரர்கள் சார்பாக நான் எழுதிய முதல் கடிதத்துக்கு ஒரு சட்டிப்பானைக்காரர் அகப்பட்டார். தங்கள் சமூகத்துக்கு அனந்த கோடி நமஸ்காரம் என்று தொடங்கி, தங்கள் சித்தம் எங்கள் பாக்கியம் என்று முடித்திருந்தேன். சட்டிப்பானைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"அவிய நெம்ப நல்லவியன்னு தெரியுதுங்க. நானும் திருப்பிக் கும்புடோணும் போல" என்றார்.

காகிதம் கிழிந்தது. நான் ஆத்திரத்தில், அம்மாள் பேசியதை அப்படியே எழுதித் தொலைத்தேன். 'எங்களிடம் பன்னிரண்டு மூட்டை மிளகு இருக்கிறது. நன்றாகக் காய்ந்தது, மழையில் நனையாதது. அடுத்த சந்தைக்குள் ஆள் அனுப்பினால் உங்களுக்குத் தருகிறோம். அனுப்பாவிட்டால் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவோம்.' அவ்வளவுதான் கடிதம். என் வாழ்நாளில் அத்தனை அவமானத்தோடு நான் எதையும் எழுதியதில்லை. படித்ததும் சட்டிப்பானைக்காரர், "அடுத்த சந்தைக்குள்ள ஆளனுப்போணும், இல்லீன்னா சரக்குப் போயிரும்" என்று பட்டென்று சொன்னார். அம்மாளின் கையில் நான்கு விரல்கள் மடங்கியிருந்தன. சேலத்துக்காரர் ஆறாம் நாளே ஆள் அனுப்பினார்.

இதற்கு நடுவில் தேன் நோட்டீஸ் விவகாரம் ஒன்று நடந்தது. முதலாளி மலைத் தேனைப் பாட்டிலில் அடைத்து டவுனில் விற்கத் தொடங்கியிருந்தார். நான் நோட்டீஸ் எழுதினேன். தேவாமிர்தம், சகல ரோக நிவாரணி, பாலர் முதல் விருத்தர் வரை. குளிர் காலம் வந்ததும் பாட்டில்கள் திரும்பி வரத் தொடங்கின. தேன் அடியில் உறைந்துபோகிறது, சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறார்கள் என்று டவுனில் பேச்சு. முதலாளி அந்த அம்மாளைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். அவர் அசையவில்லை. நோட்டீஸை எடுத்துப் படிக்கச் சொன்னார். படித்தேன். அவருடைய ஒரு விரலும் மடங்கவில்லை.

"குளுருக்குத் தேன் உறையுமுங்க. வெயில்ல வெச்சா இளகிக்கும். இதை எங்கூர்ல மூணு வயசுக் கொளந்தையும் சொல்லும். அது டவுன்காரனுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான சொல்லோணும்? அதைச் சொல்லாம, சீக்கெல்லாம் தீரும்னு பொய் எழுதியிருக்கறீங்க. தேனைக் குடிச்சாப் போதும்னு ஒருத்தன் ஆசுபத்திரிக்குப் போகாம செத்துப்போனா, உங்க நோட்டீசு வந்து எழவுக்கு உக்காருமுங்களா?"

முதலாளிக்கு முகம் சிவந்தது. ஆனாலும் வியாபாரி, விஷயம் உறைத்தது. அடுத்த நோட்டீஸில், 'குளிரில் இந்தத் தேன் உறையும். வெயிலில் வைத்தால் இளகும். கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம்' என்று முதல் வரியாகப் போடச் சொன்னார். பாட்டில்கள் திரும்பி வருவது நின்றது. அதற்காக அந்த அம்மாளுக்கு ஒரு வார்த்தை நன்றி சொன்னாரா என்றால், இல்லை. என்னைத்தான் தட்டிக்கொடுத்தார்.

இப்படியாக ஒன்றரை வருஷத்தில் என் கையை அவர் திருத்திவிட்டார். அவர் எனக்குப் பாடம் எதுவும் சொல்லவில்லை. அவர் கிழித்துப் போட்ட காகிதங்களே போதுமாக இருந்தன. முதலில் 'ஏனுங்க எழுத்துக்காரரே' என்றுதான் கூப்பிடுவார். பிறகு எப்போதிலிருந்தோ 'சாமி' என்று கூப்பிட ஆரம்பித்தார். மலையில் தங்கள் வீட்டுப் பிள்ளைகளைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். தெருவில் ஆள் பிடிப்பதும் குறைந்துபோயிற்று. எனக்கு அது பெருமையாக இருந்தது, மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

சேலத்துக்காரரின் ஆள் மூன்றாம் முறை வண்டியோடு வந்து, நல்ல மிளகாகப் பார்த்து ஏற்றிக்கொண்டு போனபோதுதான் எங்கள் முதலாளி விழித்துக்கொண்டார். குண்டனி நாட்டு மிளகு அதுவரை வேறு வழியில்லாமல் எங்கள் மண்டிக்கே வந்துகொண்டிருந்தது. இப்போது வழி வந்துவிட்டது. அந்த வழியைத் திறந்துவிட்ட கடிதம் தன் மண்டியிலேயே, தன் மேஜையிலேயே எழுதப்பட்டது என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

அவர் என்னைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே பேசினார்.

"ஏப்பா, ஒரு உடன்படிக்கை எழுதோணும். அஞ்சு வருசத்துக்கு அவங்க மொளகு வேற ஒருத்தனுக்கும் போகக்கூடாது. விலை நான் வெக்கறதுதான். ஆனா படிச்சாக் காதுக்குச் சொகமா இருக்கோணும். உனக்குத்தான் அந்த நடை கைவந்ததாச்சே. எழுத முடியாதுன்னா சொல்லிப்போடு, நாளைக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்."

முடியாது என்று நான் சொல்லவில்லை.

பத்திரம் வாங்கி வந்து எழுதினேன். மேற்படியார்கள் மனப்பூர்வமான சம்மதத்தின் பேரில், மேற்படி மண்டியாருடைய நெடுநாளைய விசுவாசத்தையும் நல்லாதரவையும் முன்னிட்டு, தங்கள் சுவாதீனத்திலுள்ள கொடிகளின் பலனை ஐந்து பலன் பரியந்தம் அன்னியர் பிரவேசமின்றி மேற்படியார் வசமே, மேற்படியார் நிர்ணயம் பிரகாரம், ஒப்புவித்து வரக்கடவது. எங்குமே தடங்கவில்லை. ஒன்றரை வருஷமாக மறந்துவிட்டதாக நினைத்த நடை, ஒரே மூச்சில் இரண்டு பக்கத்துக்கு வந்தது. அதுதான் எனக்கு ஆறவே ஆறாத ஆத்திரம். தெளிவாக எழுதத் தெரியாதவன் குழப்பி எழுதினால் மன்னிக்கலாம். எனக்குத் தெரியும். அந்தப் பத்திரத்தில் எந்த வார்த்தை எதை மறைக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தே பொறுக்கி வைத்தேன்.

சந்தையன்று அவர்கள் எல்லோரும் வந்து மண்டி வாசலில் நின்றார்கள். முதலாளி எல்லோருக்கும் காப்பி வரவழைத்திருந்தார். "கவர்மெண்டுப் பத்திரம், கவர்மெண்டு பாசையிலதான் இருக்கும்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார். நான் படித்தேன். அம்மாள் கண்ணை மூடிக் கேட்டார். முடித்ததும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"சாமி, ஒண்ணும் வெளங்கலையே. சேதி என்ன?"

முதலாளி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். எனக்கு ஒரு வரிதான் தேவைப்பட்டது. நான் வேறொரு வரியைச் சொன்னேன்.

"வழக்கம்போலத்தாங்க. மிளகு நம்ம மண்டிக்கு வரணும்னு எழுதியிருக்கு."

கூட வந்திருந்த ஒரு பெண், "அக்கா, வெளிய உப்புக்காரரு போறாரு, கூப்புடட்டுங்களா?" என்றாள்.

"வேண்டாங்கண்ணு" என்றார் அவர். "நம்ம சாமி எழுதுனது. இதுல கெட்டது இருந்தா மொத வரியிலயே எழுதியிருக்கும்."

கட்டை விரலில் மையைத் தடவி முதலில் அவர் வைத்தார். அவர் வைத்ததைப் பார்த்து மற்றவர்கள் வரிசையாக வைத்தார்கள். கடைசியில் 'எழுதியவர்' என்று போட்டு நான் கையெழுத்திட்டேன்.

அன்று மாலையே வேலையை உதறிவிட்டு வந்தேன் என்று எழுதலாம். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் பொய் என்று சொல்ல யார் வரப்போகிறார்கள்? ஆனால் நான் உதறவில்லை. முதலாளி சம்பளத்தை உயர்த்திக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளாமை மிளகு நன்றாக வந்தது. சேலத்துக்காரரின் ஆள் வழக்கம்போல வண்டியோடு வந்தார். அம்மாளும் மற்றவர்களும் மூட்டைகளை வண்டியருகே இறக்கியிருந்தார்கள். எங்கள் முதலாளி பத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் அந்த ஆளின் கையில் கொடுத்தார். அந்த ஆள் அப்படிப்பட்ட பத்திரங்கள் பலவற்றைப் பார்த்தவர். இரண்டாம் பக்கத்தைத் திருப்பி நாலு வரி படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூட்டைகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மாட்டைப் பூட்டச் சொன்னார். வெறும் வண்டி போய்விட்டது.

அம்மாள் என்னிடம் வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். எதையாவது தூக்கி எறிவார், மேஜையைப் புரட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஏனுங்க எழுத்துக்காரரே, அந்தக் கடுதாசியில என்ன எழுதியிருக்குதுன்னு இப்பச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். "அஞ்சு வருசத்துக்கு உங்க மிளகை எங்க முதலாளிக்கு மட்டும்தான் கொடுக்கணும். அவர் சொல்றதுதான் விலை."

"இத்தனூண்டுதானுங்களா?" என்றார். "இதைச் சொல்றதுக்கு அன்னிக்கு உங்களுக்கு நேரமில்லாமப் போச்சுங்களா?"

நான் பத்திரம், முதலாளி, குடும்பம் என்று ஏதோ உளற ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவில்லை. திரும்பி, மூட்டைகளோடு நின்றவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"எல்லாரும் இங்க வாங்க. இவரு இப்பத் தெளிவாச் சொல்றாரு. கேட்டுக்கோங்க."

வந்து என் மேஜையைச் சுற்றி நின்றார்கள். உப்புக்காரரைக் கூப்பிடட்டுமா என்று கேட்ட பெண் முன்னால் நின்றாள். நான் அந்த இரண்டு வாக்கியத்தையும் மறுபடி சொன்னேன். என்ன என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ஒரே தடவையில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.